இருபதாவது மனு

மூன்றாவது மாடியிலிருந்த அந்த அரசு சட்ட அலுவலகத்துக்கு மூன்று ஜன்னல்கள். ஒன்றின்மேல் ‘நுகர்வோர்’, அடுத்ததன்மேல் ‘தொழிலாளர்’, கடைசியின்மேல் ‘குடியிருப்போர்’ என்று பலகை. பலகைக்கு ஓர் ஆள் வீதம் உட்கார்ந்திருந்த காலமும் உண்டு. ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் மாற்றலாகிப் போனார். அந்த இரண்டு இடத்துக்கும் ஆள் போடுகிறோம், போடுகிறோம் என்று மேலிடம் ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மிஞ்சியது ரைட்டரம்மா மட்டும். சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்தபடி, தரையைக் காலால் உந்தி அவள் ஜன்னலுக்கு ஜன்னல் உருண்டு போவதைப் பார்த்து வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வது.

ஒருமுறை ஒருவர், வாங்கிய மறுநாளே நின்றுபோன மின்விசிறியைப் பற்றிச் சொல்ல முதல் ஜன்னலுக்கு வந்தார். பேச்சுவாக்கில், வேலை பார்க்கும் இடத்தில் வார விடுமுறையே கிடையாது என்றார். “அதுக்கு ரெண்டாவது ஜன்னலுக்கு வாங்க” என்று உருண்டாள். அவரும் நகர்ந்தார். அங்கே நின்று, வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றார். “அதுக்கு மூணாவது.”

“ஏம்மா, என்னை அலைய விடுறீங்களா, இல்ல நீங்க ஊர்வலம் போறீங்களா?”

“படிவம் அந்தந்த ஜன்னல்லதான் இருக்கு. என்னைத் திட்டாதீங்க, ஜன்னலைத் திட்டுங்க.”

ரைட்டரம்மா என்பது வந்து போகிறவர்கள் வைத்த பெயர். அலுவலகக் கணக்கில் அவள் மனு பெறும் எழுத்தர். படிவம் கொடுப்பது, நிரப்பி வந்ததை வாங்குவது, முத்திரை குத்துவது, பதிவேட்டில் ஏற்றுவது, இவ்வளவுதான் வேலை. எழுதிக் கொடுப்பது அதில் சேராது. ஆனால் படிவத்தில் ‘குறையை விரிவாக எழுதவும்’ என்று போட்டு அதன் கீழே இருபத்திரண்டு கோடுகள் அடித்திருந்தார்கள். பெயரை எழுதவே விரல் நடுங்குகிறவர்கள் அந்தக் கோடுகளைப் பார்த்ததும், “நாளைக்கு வர்றேம்மா” என்று நழுவிவிடுவார்கள். நாளைக்கு வரமாட்டார்கள். அப்படி நழுவிய ஒரு பெண், அட்டைப்பெட்டி அடிக்கும் இயந்திரத்துக்கு மூடி இல்லை என்று சொல்ல வந்தவள். மூன்று வாரம் கழித்து அவளைப் பேருந்தில் பார்த்தபோது இரண்டு விரல்கள் இல்லை. அன்றைக்குப் பேனாவைக் கையில் எடுத்தவள்தான் ரைட்டரம்மா. “நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்” என்று அவள் சொன்னால் எப்பேர்ப்பட்ட ஆளும் ஜன்னலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

எழுத்து அவளுக்குக் கைவந்த கலை. பள்ளியில் வகுப்புக்கே விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவள். ஒரு திங்கட்கிழமை ஏழு பிள்ளைகளுக்கு ஒரே காய்ச்சல், அதே சொற்களில், அதே நாளில் வந்தது. ஆசிரியை ஏழு கடிதத்தையும் மேசைமேல் பரப்பிவைத்து, நேராக இவளிடம் வந்து காதைத் திருகினாள். அந்தத் திருகு அப்போதே புத்தியில் உறைத்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த அலுவலகத்தின் விதி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அது தனி ஆளுக்கு வாதாடும் அலுவலகம் இல்லை. பொதுமக்கள் எல்லோருக்குமாக வாதாடும் அலுவலகம். அதனால் ஒருவர் கொடுக்கும் மனு அங்கே வெறும் தகவல். ஒரே நிறுவனத்தின்மேல், ஒரே குறைக்காக, ஒரு வருடத்துக்குள் இருபது மனு சேர்ந்தால்தான் அது வழக்கு. இருபதையும் சிவப்பு நாடாவால் கட்டி நான்காம் மாடிக்கு அனுப்புவார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் அரசு வக்கீல் அதை நீதிமன்றத்துக்கு எடுத்துப் போவார். இது தெரிந்தவர்கள் முத்திரை விழுந்ததும் கேட்கும் முதல் கேள்வி, “இது எத்தனையாவதும்மா?” என்பதுதான். மூன்று, நான்கு என்றால் முகம் தொங்கும். பதினெட்டு என்றால் படியிறங்கும்போதே நடை மாறியிருக்கும். படி என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கட்டடத்து மின்தூக்கி ஓடி ஏழு வருடமாகிறது. அதைப் பற்றி மூன்றாவது ஜன்னலில் மனு கொடுக்கலாம் என்று பலர் யோசனை சொன்னார்கள். கட்டடம் அரசாங்கத்தினுடையது, அரசாங்கத்தின்மேல் அரசாங்கம் எப்படி வழக்குப் போடும் என்று வக்கீல் சிரித்துவிட்டார்.

ஒன்றுமே நடக்காத அலுவலகம் என்றும் சொல்லிவிட முடியாது. ஒருமுறை, தண்ணீர் சூடாக்கும் கருவி ஒன்று ஷாக் அடிக்கிறது என்று முப்பத்து நான்கு மனு குவிந்தது. அவரவர் கையால் எழுதியது. ஒருவர் நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதியிருந்தார். ஒரு பெண் பாதி மனுவில் மாமியாரைத் திட்டிவிட்டு மீதியில் கருவியைத் திட்டியிருந்தாள். எழுத்துப் பிழை என்றால் அப்படியொரு பிழை. நீதிபதி எல்லாவற்றையும் படித்துவிட்டு, கடைகளில் இருந்த அத்தனை கருவியையும் திரும்ப எடுக்கச் சொன்னார். ரைட்டரம்மா அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனாள். இத்தனை வருடத்தில் அவள் வயிறு குளிர்ந்த நாள் அது ஒன்றுதான்.

அவளுடைய தம்பி கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தான். சமையலறை மேடைக்கும் கழிவறைச் சுவருக்கும் பலகைக்கல்லை அளவெடுத்து அறுத்து, விளிம்பைத் தேய்த்து அனுப்பும் பட்டறை. அறுக்கும் வட்டின்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் தூசி கிளம்பாமல் சேறாக இறங்கும். ஆனால் ஈரக் கல் காய நேரமாகும், காயாவிட்டால் பசை பிடிக்காது, பசை பிடிக்காவிட்டால் வண்டி காத்து நிற்கும். ஆகவே முதலாளி தண்ணீர்க் குழாயை மூடிவிட்டார். உலர்ந்த கல்லை அறுத்தார்கள். தூசி புருவத்தில், காதில், சோற்றில் இறங்கியது. மூச்சில் இறங்கியதைத்தான் யாரும் பார்க்கவில்லை. சோதனைக்கு வரும் அதிகாரி முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு வருவார். அன்றைக்கு மட்டும் குழாய் திறந்திருக்கும். ‘தண்ணீர் வசதி உள்ளது’ என்று எழுதிவிட்டுப் போவார்.

அந்தப் பட்டறைமேல் முதல் மனு கொடுக்க வந்தவர், விளிம்பு தேய்க்கும் பெரியவர். எல்லோரும் அவரைப் பாலிஷ்காரர் என்பார்கள். மாடிக்கு ஒரு தரம் நின்று, ஜன்னலுக்கு வந்து சேர்ந்ததும் பேச வராமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ரைட்டரம்மா தண்ணீர் கொடுத்தாள்.

“தூங்கி எந்திரிக்கிறதே இல்லம்மா. இருமல்தான் எழுப்பி விடுது” என்றார்.

அவள் கொஞ்சம் யோசித்து எழுதினாள்: ‘விடிந்ததும் எனக்கு முன்னால் என் இருமல் எழுந்துவிடுகிறது. அதன் பின்னால் நான் எழுந்து வேலைக்குப் போகிறேன்.’ படித்துக் காட்டினாள். பாலிஷ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆமாம்மா. இதேதான். எனக்குச் சொல்லத் தெரியல” என்றார். அன்று முழுவதும் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை. அந்த வரியை வீட்டில் புருஷனிடமும் சொல்லிப் பார்த்தாள். அவர் தொலைக்காட்சியிலிருந்து தலையைத் திருப்பாமல், “நல்லாயிருக்கு” என்றார்.

அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவருவார்கள். ஐந்து நிமிடம்கூட நிற்க நேரமிருக்காது. “என்ன பிரச்சினை?” என்று கேட்டால், “பெரியவர் சொன்னாரில்ல, அதேதாம்மா” என்பார்கள். அடுத்தவனும் “அதேதான்” என்பான். அவள் என்ன செய்வாள்? அதையே எழுதினாள். ஒருவருக்கு வரியை முதலில் வைத்தாள், ஒருவருக்கு நடுவில், ஒருவருக்குக் கடைசியில். அதுவே தன் சாமர்த்தியம் என்று நினைத்தாள். பொய் ஒன்றும் இல்லையே. எல்லோருக்கும் இருமல் ஒன்றுதான், தூசி ஒன்றுதான், மூடிய குழாயும் ஒன்றுதான்.

பத்தொன்பதில் வந்து நின்றது. வருடம் முடிய ஆறு நாள் இருந்தது. அதற்குள் இன்னொன்று வராவிட்டால் பாலிஷ்காரரின் மனு காலாவதியாகிவிடும், பழையபடி பதினெட்டு. பட்டறையில் மனு கொடுக்காத ஆட்கள் சிலர் இருந்தார்கள். அதில் ஒருத்தன் அவள் தம்பி.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வேலைச் சட்டையை அலசிய வாளியில் அடியில் வெள்ளையாக, விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ரைட்டரம்மா மனுப் பேச்சை எடுத்தாள்.

“வேணாங்க்கா. எனக்கு இருமல் அவ்வளவா இல்ல” என்றான் தம்பி. சொல்லி முடிப்பதற்குள் இருமினான்.

“இப்ப இருமினது யாருடா? பக்கத்து வீட்டுக்காரனா?”

“முதலாளிக்குத் தெரிஞ்சா வெளிய அனுப்பிடுவாரு.”

“வழக்கு ஜெயிச்சா தண்ணி தொறந்துதான் ஆகணும். உன்னை மட்டும் எப்படி அனுப்புவாரு? வக்கீல் சார் இருக்காரு, நான் இருக்கேன்.”

“நீ இருக்கேன்னா சரிதான்” என்றான். சின்ன வயதிலிருந்து அவன் அப்படித்தான். அக்கா சொன்னால் கிணற்றையும் எட்டிப் பார்ப்பான். மறுநாள் வந்தான், அவளே எழுதினாள். என்ன குறை என்று கேட்டதற்கு அவனும் சொன்னான், “அதேதான்க்கா.” முத்திரை குத்தியபோது அவள் கை அழுந்தியதில் மேசையே அதிர்ந்தது. இருபது.

நான்காம் மாடி வக்கீல் மோசமான மனிதர் இல்லை. அவரிடம் அறுபது வழக்கு இருந்தது, அதுதான் கோளாறு. கட்டைப் பிரித்து முதல் மனுவைப் படித்தார். “யாரும்மா எழுதினது? பிரமாதமா இருக்கு” என்றார். அடுத்ததையும் படித்திருந்தால் பிரமாதம் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். படிக்கவில்லை. தண்ணீரைத் திறக்க உடனடி உத்தரவு வேண்டும் என்று மனுக்களை நீதிமன்றத்தில் வைத்தார். அதிகாரியின் அறிக்கை எதிராக இருந்தது. பட்டறையின் சொந்த மருத்துவர், எல்லாம் பழைய சளி என்று சான்று கொடுத்திருந்தார். ஆகவே கையில் இருந்த பலமெல்லாம் அந்த இருபது தாள்தான்.

விசாரணையன்று ரைட்டரம்மா விடுப்புப் போட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருபது பேரில் பதினான்கு பேர் வந்திருந்தார்கள், தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு. பட்டறையின் வக்கீல் குரலை உயர்த்தாத மனிதர். எழுந்து மூன்றாவது மனுவை எடுத்து நிதானமாகப் படித்தார்.

“‘விடிந்ததும் எனக்கு முன்னால் என் இருமல் எழுந்துவிடுகிறது.’ அருமையான வரி” என்றார். பிறகு எட்டாவதை எடுத்தார். அதே வரி. பதினொன்று. அதே வரி. பதினாறாவதைப் படிக்கும்போது நீதிமன்றத்தில் சிரிப்புக் கிளம்பியது. அறுக்கிற வட்டைப் போல அந்தச் சிரிப்பு அவள் காதில் ஏறியது.

“இருபது பேருக்கு இருமல் வரலாம் ஐயா. இருபது பேருக்கு ஒரே வரி வராது” என்றார் அந்த வக்கீல். பிறகு கடைசித் தாளை எடுத்து, அதைக் கொடுத்தவரை எழுந்து வரச் சொன்னார். தம்பி எழுந்து போனான்.

“இது நீங்க சொன்னதா?”

தம்பி அதை வாங்கிப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவன். “இப்படியே சொல்லலைங்க. ஆனா இதான் உண்மை.”

“அப்ப யார் எழுதினது?”

“எங்க அக்கா” என்றான். சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. திரும்பி அவள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான். “எங்கக்காதான் எல்லாருக்கும் எழுதிக் கொடுத்துச்சு. ரொம்ப நல்லா எழுதும்.”

அரசு வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குமேல் நடந்ததைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஒரே ஆள், அதுவும் மனுதாரரின் உறவுக்காரர், அலுவலகத்துக்குள் உட்கார்ந்து தயாரித்த மனுக்களை நம்ப முடியாது என்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். குழாய் மூடியபடியே இருந்தது.

படியில் இறங்கும்போது அரசு வக்கீல் கேட்டார். “தம்பின்னு ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“தப்புன்னு தோணல சார்.”

“போன தடவை ஜெயிச்சோமே, அந்த முப்பத்து நாலு மனுவும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே ஒட்டாது. அதான் ஜெயிச்சோம்” என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். ‘எல்லாருக்கும் ஒரே குறையா இருக்கணும்னு சொல்றது உங்க விதி சார், ஒரே மாதிரி இருந்ததால தோத்தோம்னு சொல்றதும் நீங்கதான்’ என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. ஆனால் அவள் தம்பி பின்னால் படிக்கட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் வார்த்தை உள்ளேயே போய்விட்டது.

மறுநாள் காலையில் தம்பியைப் பட்டறை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மற்ற பத்தொன்பது பேரில் பாலிஷ்காரரைத் தவிர எல்லோரும், தங்களுக்குத் தெரியாமல் எழுதப்பட்டது என்று முதலாளி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு உள்ளே போனார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. அவர்களில் ஒருவன் சந்தையில் ரைட்டரம்மாவைப் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்னொருவன் வணக்கம் சொன்னான். வணக்கம்தான் அதிகமாக வலித்தது.

அலுவலகத்தில் விசாரணை வைத்து, வேலையைப் பறிக்காமல் விட்டார்கள். அந்த இடத்துக்கு வேறு ஆள் இல்லை என்பதுதான் காரணம். அதற்குப் பதில் மூன்று ஜன்னலிலும் ஒரு தாள் ஒட்டினார்கள்: ‘மனுதாரர் சொல்வதை எழுத்தர் அப்படியே எழுத வேண்டும். ஒரு சொல்லும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ கூடாது.’ ஒட்டியவளும் அவளே, கீழே கையெழுத்துப் போட்டவளும் அவளே. அதன் பிறகு ஸ்டூலில் உட்காருகிறவர்கள் சொல்வதையே எழுதினாள். ‘வீட்டுக்காரர் ரொம்ப மோசம்.’ ‘சம்பளம் சரியில்ல.’ ‘அது உடைஞ்சிருச்சு.’ இருபத்திரண்டு கோடுகளில் ஒரு கோடு நிறையும். மீதி வெறுமையாகக் கிடக்கும். எங்கே, எப்போது, எப்படி என்று கேட்கக்கூட அவளுக்குப் பயம். கேட்டால் வரும் பதிலில் தன் சொல் கலந்துவிடுமோ என்ற பயம்.

எட்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, மதியத்துக்கு முன்பு, தம்பி வந்தான். அவன் வருவது முதலில் காதுக்குத்தான் தெரிந்தது. ஒரு மாடிக்கு மூன்று தரம் நின்றான். எழுந்து போய்க் கையைப் பிடிக்கலாம் என்று நினைத்தாள். ஜன்னலில் ஆள் இருந்தது. அந்த ஆள் முடித்துப் போவதற்குள் அவனே வந்து சேர்ந்துவிட்டான். உடம்பு பாதியாகியிருந்தது. எந்தப் பட்டறையும் அவனைச் சேர்க்கவில்லை; அவன் மனைவிதான் இரண்டு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். இதெல்லாம் ரைட்டரம்மாவுக்குத் தெரியும். வாரா வாரம் போகிறவள்தானே. ஆனால் அவன் இந்த ஜன்னலுக்கு வருவான் என்று எதிர்பார்க்கவில்லை.

“எதுக்குடா ஏறி வந்தே? சொல்லி அனுப்பினா நான் வரமாட்டேனா?”

அவன் கையைக் காட்டி, பொறு என்றான். மூச்சு திரும்ப நேரமானது.

“பாலிஷ்காரர் போயிட்டாருக்கா. விடிகாலைல.”

அவள் கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்தாள்.

“எழவு வீட்டுலருந்து நேரா வர்றேன். என் இடத்துல ஒரு புது ஆளைப் போட்டிருக்காங்க. சின்னதா ஒரு பொண்ணு இருக்காம் அவனுக்கு. இப்பவும் தண்ணி இல்ல.” இருமினான். “மனு கொடுக்கணும்.”

“தள்ளுபடியானதெல்லாம் கணக்குல வராது. இன்னும் பத்தொன்பது வேணுமேடா. யாரு வருவா?”

“தெரியல. நீ எழுது.”

விதிப்படி அவனுக்கும் ஒரு படிவம். பெயர், முகவரி எழுதினாள். பேனாவைக் கோட்டுக்கு மேலே நிறுத்தினாள். அவள் தலைக்குள் வரிகள் வரிசையில் நின்றன: வாளியின் அடியில் படிந்த வெள்ளை, மாடிக்கு மூன்று தரம் நின்றது, சோறு இறங்காமல் இரவில் அவன் உட்கார்ந்தே தூங்குவது. ஒன்றைக்கூட எழுத அவளுக்கு அனுமதியில்லை.

“என்ன குறைன்னு சொல்லுடா.”

தம்பி அவளைப் பார்த்தான். அவனுக்கு அவள்மேல் கோபமே இல்லை. இருந்திருக்கலாம் என்று அவள் எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள். அவன் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னான்.

“அதேதான்க்கா.”

“எதுன்னு சொல்லணும். விவரமா சொல்லு.”

“பெரியவர் சொன்னது. அதேதான்.” அதற்குமேல் பேச மூச்சு இல்லாமல் தலையை ஜன்னல் கட்டையில் சாய்த்துக்கொண்டான்.

அவன் இன்னும் ஏதாவது சொல்லுவான் என்று அவள் காத்திருந்தாள். ஜன்னலில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, முதல் கோட்டில் ‘அதேதான்’ என்று எழுதினாள். அவனிடம் படித்துக் காட்டினாள். தலையசைத்தான். முத்திரை குத்தி, பதிவேட்டைப் பிரித்தாள்.

“எத்தனையாவதுக்கா?” என்று கேட்டான் தம்பி.

அவளுக்குப் பார்க்காமலே தெரியும். ஆனாலும் பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“ஒண்ணு.”